‘சொல்லொணா’ என்பதற்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்? அன்ஸ்பீக்கபிள் முதல் அன்டோல்ட் வரை ஓர் ஒப்பீடு

1942இல் பர்மாவிலிருந்து நடந்தே ஊர் திரும்பிய ஒரு பெரியவர் பழைய கணக்கு நோட்டு ஒன்றில் தம் நினைவுகளை எழுதி வைத்திருந்தார். தமிழ் படிக்கத் தெரியாத அவருடைய பேத்திக்காக அவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தரும் வேலை சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு வாய்த்தது. அரக்கான் மலைப்பாதையைப் பற்றி எழுதுமிடத்தில் ‘சொல்லொணாத் துயரம்’ என்கிறார். பல பக்கங்களுக்குப் பிறகு, ஊருக்கு வந்து தம் தாயைக் கண்ட நாளை எழுதுமிடத்தில் ‘சொல்லொணா மகிழ்ச்சி’ என்கிறார். சொல் ஒன்றுதானே என்று இரண்டு இடத்திலும் நான் ‘அன்ஸ்பீக்கபிள்’ என்று போட்டேன். என்னிடமிருந்த அகராதியும் அதற்கு இசைவாகத்தான் இருந்தது. படித்து முடித்த பேத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “ஊருக்கு வந்த பிறகு தாத்தாவுக்குக் கிடைத்த மகிழ்ச்சியில் என்ன தவறு நடந்தது?”

துயரத்தோடு சேர்ந்தபோது அந்தச் சொல் அவருக்கு உறுத்தவில்லை. மகிழ்ச்சியோடு சேர்ந்தபோது, ஏதோ அருவருப்பான செய்தி ஒளிந்திருப்பதாக அவருடைய காதுக்குப் பட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதும் தமிழர்களும் இரு மொழிகளுக்கிடையே பெயர்ப்பவர்களும் இதே இடத்தில் இடறுவதை அதற்குப் பிறகு பலமுறை பார்த்துவிட்டேன். இரங்கல் கடிதத்தில் எதைப் போடுவது, சாட்சியத்தைப் பெயர்க்கும்போது எதைப் போடுவது, கோயிலில் கேட்ட நாகசுரத்தைப் பற்றி எழுதும்போது எதைப் போடுவது என்ற கேள்விகள் எனக்கு வந்தபடியே இருக்கின்றன. அகராதியில் ஏறத்தாழ ஒரே பொருளோடு நிற்கும் ஆறு சொற்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன்: அன்ஸ்பீக்கபிள், இனெஃபபிள், இன்டிஸ்கிரைபபிள், இன்எக்ஸ்பிரஸிபிள், அன்அட்டரபிள், அன்டோல்ட். சொல்லுக்குள் அடங்காத எல்லையைக் குறிக்கவே இவை ஆறும் பிறந்தன என்றாலும், ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் பல சமயம் வாக்கியமே வேறொன்றைச் சொல்லத் தொடங்கிவிடுகிறது.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

முதல் அளவுகோல், ஏன் சொல்ல முடியவில்லை என்பது. சொல் போதாமல் சொல்ல முடியாமற்போகலாம். சொல்வது தகாது என்பதால் சொல்லாமல் விடலாம். சொல்லச் சொல்லத் தீராததால் முடியாமற்போகலாம். எண்ணிக்கைக்கு அடங்காததால் முடியாமற்போகலாம். சொல் இருந்தும் நா எழாமற்போகலாம். தமிழில் ‘கூடாது’ என்ற சொல்லின் வரலாறு இதைப் புரிந்துகொள்ள உதவும். ‘மனுஷரால் இது கூடாததுதான்’ என்று பழைய தமிழ் வேதாகமம் எழுதும்போது அங்கே ‘இயலாது’ என்பதே பொருள். இன்று ‘இங்கே துப்பக் கூடாது’ என்ற பலகையில் அதே சொல் தடையாகிவிட்டது. இயலாமை, தகாமையாக நகர்ந்த இதே பாதையில்தான் ஆங்கிலத்தின் அன்ஸ்பீக்கபிளும் நகர்ந்தது.

இரண்டாவது, சொல் நன்மையின் பக்கம் சாய்கிறதா, தீமையின் பக்கம் சாய்கிறதா என்பது. மூன்றாவது, அது எதன் முன்னால் நிற்கிறது என்பது: செயலா, புலனுக்குப் பட்ட பொருளா, உள்ளத்து உணர்ச்சியா, அளவா, பரம்பொருளா. நான்காவது, நடையின் உயரம். ஐந்தாவதை மறைவிலை என்று அழைக்க விரும்புகிறேன். சொல்லைப் பயன்படுத்தியவருக்கு அப்போது தெரியாமல், பிறகு வாசகரிடம் வசூலாகும் விலை அது. கடையில் விலைச்சீட்டைப் பார்த்து வாங்கிய பொருளுக்குப் பிறகு பழுதுபார்க்கும் செலவு வருவதைப் போன்றது என்று வைத்துக்கொள்ளலாம்.

## அன்ஸ்பீக்கபிள்

இந்தச் சொல் பிறந்தபோது அதற்குக் கெட்ட பெயர் எதுவும் இல்லை. 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில விவிலியம், கடவுளின் ஈவை ‘அன்ஸ்பீக்கபிள்’ என்று போற்றுகிறது (2 கொரிந்தியர் 9:15). விசுவாசிகளின் மகிழ்ச்சியை ‘அன்ஸ்பீக்கபிள்’ என்கிறது (1 பேதுரு 1:8). விண்ணுலகுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட ஒருவர் கேட்ட வார்த்தைகளையும் அதே சொல்லால் குறிக்கிறது (2 கொரிந்தியர் 12:4). கிரேக்க மூலத்தில் இந்த மூன்று இடங்களிலும் மூன்று வெவ்வேறு சொற்கள் இருக்கின்றன. ஈவுக்கு வரும் கிரேக்கச் சொல் ‘முழுக்க எடுத்துரைத்து முடிக்க இயலாத’ என்ற பொருளைத் தருவது. தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு இந்த வேறுபாட்டைக் காப்பாற்றியிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்: ஈவும் சந்தோஷமும் ‘சொல்லிமுடியாத’வை, விண்ணில் கேட்ட வார்த்தைகளோ ‘வாக்குக்கெட்டாத’வை. ‘சொல்ல முடியாத’ என்பதற்கும் ‘சொல்லி முடியாத’ என்பதற்கும் இடையே ஓர் உயிரெழுத்துத்தான் வேறுபாடு. முன்னது தொடங்கவே இயலாதது. பின்னது தொடங்கினால் தீராதது. ஆங்கிலம் ஒரே சொல்லைப் போட்டு மூடிய இடத்தில் தமிழ் இரண்டாகத் திறந்து வைத்திருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காற்று மாறியது. பல்கேரியாவில் துருக்கியப் படைகள் நடத்திய படுகொலைகளால் இங்கிலாந்து கொதித்திருந்த 1876இல், எழுத்தாளர் தாமஸ் கார்லைல் எழுதிய கடிதம் ஒன்றில் துருக்கியரை ‘அன்ஸ்பீக்கபிள்’ என்று குறிப்பிட்டது அரசியல் வசையாகவே பரவியது. 1893இல் மேடையேறிய நாடகம் ஒன்றில் ஆஸ்கர் வைல்ட், நரி வேட்டைக்குக் குதிரையில் பாயும் நாட்டுப்புறக் கனவான்களை, ‘தின்ன முடியாததை’த் துரத்தும் ‘அன்ஸ்பீக்கபிள்’ ஆட்கள் என்று கேலி செய்தார். ஒருபுறம் கொடூரம், மறுபுறம் கிண்டல்; இரண்டுமே கெட்ட பக்கம்தான். இன்று அந்தச் சொல் இயல்பாக ஒட்டிக்கொள்ளும் பெயர்கள் கொடுமை, குற்றம், வன்முறை, துன்பம் ஆகியவையே. ஒரு விருந்தைப் பற்றி வேறு அடை எதுவும் இல்லாமல் ‘அது அன்ஸ்பீக்கபிள்’ என்று ஒருவர் முடித்துக்கொண்டால், சாப்பாடு வாயில் வைக்க முடியாதபடி இருந்தது என்றுதான் எவரும் கொள்வர்.

பழைய பொருள் அடியோடு செத்துவிடவில்லை. தேவாலயப் பாடல்களில் அது உயிரோடு இருக்கிறது. அங்கே அது பெரும்பாலும் பெயருக்குப் பின்னால், ‘ஜாய் அன்ஸ்பீக்கபிள்’ என்று நிற்கும். ஆங்கிலத்தில் பெயரடை பெயருக்குப் பின்னால் போவது வழக்கத்துக்கு மாறானது என்பதால், அந்த இடமாற்றமே ‘இது விவிலிய வழக்கு’ என்று வாசகருக்கு உணர்த்திவிடுகிறது. பெயருக்கு முன்னால் கொண்டுவந்து ‘அன்ஸ்பீக்கபிள் ஜாய்’ என்று எழுதினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். நான் சறுக்கியது அங்கேதான். 1978இல் முழுமையாக வெளிவந்த நியூ இன்டர்நேஷனல் வெர்ஷன் என்ற ஆங்கில விவிலியம், ஈவுக்கு இன்டிஸ்கிரைபபிள் என்றும் மகிழ்ச்சிக்கு இன்எக்ஸ்பிரஸிபிள் என்றும் மாற்றிக்கொண்டது. சொல் கெட்டுப்போனதைக் கண்ட பிறகு செய்த மாற்றமாகவே எனக்குப் படுகிறது.

இனி இதன் மறைவிலை. இந்தச் சொல் கொடுமையைச் சுட்டிக்காட்டுவதைப் போலத் தோன்றினாலும், அதே வேளையில் அதன்மேல் துணியைப் போர்த்திவிடுகிறது. ‘அன்ஸ்பீக்கபிள் செயல்கள் நடந்தன’ என்று ஓர் அறிக்கை சொல்லும்போது, யார், யாரை, எங்கே, என்ன செய்தார்கள் என்ற நான்கு கேள்விகளும் விடையில்லாமல் கிடக்கின்றன. 1941 ஆகஸ்டில் வின்ஸ்டன் சர்ச்சில் வானொலியில் பேசும்போது, சோவியத் மண்ணில் ஜெர்மானியப் படைகள் நடத்திய படுகொலைகளைப் ‘பெயரில்லாத குற்றம்’ என்றார். போலந்திலிருந்து தப்பிவந்த யூதச் சட்டவியலாளர் ரஃபேல் லெம்கின் அந்தப் பெயரில்லாமையை ஏற்கவில்லை. இனத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் கொலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லையும் இணைத்து ‘ஜெனோசைட்’ என்ற சொல்லை உருவாக்கி 1944இல் வெளிவந்த தம் நூலில் முன்வைத்தார். 1948 டிசம்பர் 9 அன்று ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை அதைத் தடுக்கும் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. அந்த ஏழாண்டுகளில் ஒரு குற்றம் சட்டத்தின் கைக்கு எட்டியதற்குப் பல காரணங்கள் உண்டு. எவரோ ஒருவர் அதைப் பெயரிட்டு அழைக்கத் துணிந்தது அவற்றில் ஒன்று. சாட்சியங்களையும் மனித உரிமை அறிக்கைகளையும் பெயர்ப்பவர்கள் அன்ஸ்பீக்கபிள் என்று எழுதப் பேனாவை எடுக்கும்போது இதை நினைத்துக்கொள்வது நல்லது.

புனைகதையில் விலை வேறு வகையில் வசூலாகிறது. ஜோசப் கான்ராட் ‘ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்’ குறுநாவலில் காங்கோவில் நடந்த சடங்குகளை அன்ஸ்பீக்கபிள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்; அவை என்ன என்று எங்கும் சொல்வதில்லை. விளக்க முடியாத மர்மம் என்று பெயரடைகளால் வற்புறுத்திக்கொண்டே இருப்பதாக விமர்சகர் எஃப். ஆர். லீவிஸ் அவரைக் கடிந்தார். 1975இல் நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே ஆற்றிய உரையில் இந்தக் கண்டனத்தை எடுத்துக்கொண்டு, அது வெறும் நடைக்குறை அன்று, ஆப்பிரிக்க மக்களை மனிதர்களாகக் காண மறுப்பதோடு சேர்ந்தது என்ற திசையில் வாதிட்டார். பிறரைப் பற்றி எழுதும்போது அன்ஸ்பீக்கபிள் என்ற சொல், அவர்களைத் தெரிந்துகொள்ளாமலே தீர்ப்பு வழங்குவதற்கும் வசதியாகிவிடுகிறது.

ஆகவே இதைத் தேர்ந்தெடுக்கத்தக்க இடம் குறுகியது: பேசப்படுவது மனிதர் செய்த தீச்செயலாக இருக்க வேண்டும், என்ன நடந்தது என்பதை முன்னரே வாசகருக்குச் சொல்லியிருக்க வேண்டும் அல்லது அடுத்த வாக்கியத்தில் சொல்லப்போக வேண்டும். விவரம் முன்னே நிற்கும்போது இந்தச் சொல்லுக்கு நிகரான கனம் மற்ற ஐந்தில் எதற்கும் கிடையாது.

## இனெஃபபிள்

இலத்தீனில் ‘பேசு’ என்ற பொருளுடைய வேரிலிருந்து வந்த சொல் இது. வாய் பேசாத குழந்தையைக் குறிக்கும் ‘இன்ஃபன்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லும் அதே வேரில் பிறந்தது. அன்ஸ்பீக்கபிள் இழந்த மேன்மையை இது இன்றுவரை இழக்கவில்லை. யூதர்கள் வாய்விட்டு உச்சரிக்காமல் அதனிடத்தில் வேறு பெயரைச் சொல்லிக் கடந்துபோகும் இறைவனின் நான்கெழுத்துப் பெயரை ஆங்கிலத்தில் குறிப்பதற்கு இதுவே சொல். அமெரிக்க மெய்யியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1902இல் வெளியிட்ட சமய அனுபவம் பற்றிய நூலில், மறைஞான அனுபவத்துக்கு நான்கு அடையாளங்களைச் சொல்லி, இந்தச் சொல்லால் குறிக்கப்படும் தன்மையையே முதலாவதாக வைக்கிறார். காதலித்திராதவருக்குக் காதலனின் மனநிலையைப் புரியவைக்க முடியாததைப் போல, அந்த அனுபவத்தையும் அடைந்தவரே அறிய முடியும் என்பது அவருடைய விளக்கம். ‘கண்டவர் விண்டிலர்’ என்பதை அவர் கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார்.

பிரெஞ்சு மெய்யியலாளர் விளாடிமிர் ஜான்கெலெவிட்ச் 1961இல் இசையைப் பற்றி எழுதிய நூலில் செய்த பிரிவினைதான் இந்த ஒப்பீட்டுக்கே திறவுகோல் என்று கருதுகிறேன். சாவைப் போன்றவற்றின் முன் வாயடைத்துப் போவது, அங்கே சொல்வதற்கு ஒன்றுமே இல்லை என்பதால். இசையின் முன் வாயடைத்துப் போவது, சொல்வதற்கு எல்லையில்லாமல் இருக்கிறது என்பதால். பின்னதைத்தான் அவர் ‘இனெஃபபிள்’ என்கிறார். தமிழ் வேதாகமம் ‘சொல்லிமுடியாத’ என்று எழுதியபோது தொட்டதும் இதையே. மாணிக்கவாசகர் சிவபுராணத்தில் இறைவனைச் ‘சொல்லற்கு அரியானை’ என்று விளித்த கையோடு ‘சொல்லி’ என்கிறார். அரியான் என்பதால் பாட்டு நிற்கவில்லை, அதனால்தான் தொடர்கிறது.

நாகசுரத்தைப் பற்றியோ தியானத்தில் வாய்த்த அமைதியைப் பற்றியோ எழுதுபவர் இதைத் தாராளமாக எடுக்கலாம். விலை எங்கே வருகிறதென்றால், இதன் உயரத்தில். அன்றாடக் கடிதத்தில் இது பட்டுவேட்டி கட்டிக்கொண்டு காய்கறிச் சந்தைக்குப் போவதைப் போல இருக்கும். அவ்வளவு பழக்கமில்லாத சொல் என்பதால் வாசகர் நின்று அகராதி பார்க்கவும் நேரும். ‘இனெஃபபிள் பிரியாணி’ என்று எழுதினால் அது நகைச்சுவையாக மட்டுமே கொள்ளப்படும். அதுவே நோக்கமென்றால் தாராளமாக எழுதலாம். கொலையின் முன்னும் வன்முறையின் முன்னும் இதை வைக்கவே கூடாது. கொடுமைக்குத் தெய்வீகச் சாயம் பூசியதாகிவிடும். துயரத்தின் முன் வைக்கலாம். ஆனால் அப்போது அது மெல்லிய, இனம்புரியாத சோகமாகிவிடும்.

## இன்டிஸ்கிரைபபிள்

பேச்சோடு தொடர்புள்ள மற்றச் சொற்களிலிருந்து இது விலகி நிற்கிறது. இதன் வேர் எழுதுவது, வரைவது. ஒரு பொருளைப் பார்த்தோம், நுகர்ந்தோம், சுவைத்தோம். அதைக் கேட்பவர் மனத்தில் படமாகத் தீட்ட முடியவில்லை என்பதே இதன் பொருள். லுட்விக் விட்கென்ஸ்டைன் தம் ‘மெய்யியல் ஆய்வுகள்’ நூலில் காபியின் மணத்தை விவரிக்கச் சொல்லிவிட்டு, ஏன் முடியவில்லை, நம்மிடம் சொற்கள் இல்லையா என்று கேட்கிறார். கும்பகோணத்துக்காரர்கள் யாரும் அவருக்குப் பக்கத்தில் இல்லாமற்போனது மெய்யியலுக்கு இழப்புத்தான். ஆனால் அவர் சுட்டிய இடம் சரியானது: காபியின் மணம் தெய்வீகமும் அன்று, தகாததும் அன்று, நாள்தோறும் நுகர்வது, இருந்தும் சொற்கள் அதைச் சுற்றிச்சுற்றி வருகின்றன, உள்ளே போவதில்லை. இந்த வகையைக் குறிக்க மற்ற ஐந்தும் உதவா.

நன்மைக்கும் தீமைக்கும் ஒத்துப்போவது இதன் பலம். அழகும் இன்டிஸ்கிரைபபிள், நாற்றமும் இன்டிஸ்கிரைபபிள். எது என்பதைப் பெயர்ச்சொல் தீர்மானிக்கிறது. நடையும் நடுத்தரமானது, செய்தித்தாளிலும் கடிதத்திலும் உறுத்தாது. எந்தச் சொல் என்று தெரியாமல் தவிப்பவர் இதை எடுத்தால் பெரிய விபத்து நேராது என்று துணிந்து சொல்வேன்.

அதுவே இதன் குறையும். பழகித் தேய்ந்த சொல் இது. விவரிப்பதே தொழிலாகக் கொண்ட பயணக் கட்டுரையாளர் ‘விவரிக்க முடியாத அழகு’ என்று எழுதும்போது, வாசகர் அதை அழகின் எல்லையாகக் கொள்வதில்லை, எழுத்தாளரின் சோர்வாகக் கொள்கிறார். இன்னொன்றும் உண்டு: இதைச் சொன்ன பிறகு நான்கு பத்திக்கு விவரித்துக்கொண்டே போனால் சொல் பொய்யாகிவிடும். அன்ஸ்பீக்கபிளுக்குப் பின்னால் விவரம் வந்தால் பலம். இதற்குப் பின்னால் விவரம் வந்தால் முரண்.

## இன்எக்ஸ்பிரஸிபிள்

உள்ளே இருப்பதை அழுத்தி வெளியே கொண்டுவருவது என்ற இலத்தீன் வேர் இதற்கு. ஆகவே இது வெளியே உள்ள பொருளுக்கு உரியதன்று. நெஞ்சுக்குள் இருக்கும் நன்றி, துக்கம், ஆறுதல், மகிழ்ச்சி ஆகியவற்றுக்கே பொருந்தும். நியூ இன்டர்நேஷனல் வெர்ஷன் ஈவுக்கு இன்டிஸ்கிரைபபிளையும் மகிழ்ச்சிக்கு இதையும் பிரித்துக் கொடுத்தது இந்தக் கோட்டில்தான்.

இரங்கல் கடிதம் எழுதுபவர்கள் முதலில் கைநீட்டுவது இதற்கே. அங்கே ஒரு தடை உண்டு. ‘என் துக்கத்தை வெளிப்படுத்த இயலவில்லை’ என்பது எழுதுபவரைக் கடிதத்தின் நடுவில் உட்காரவைத்துவிடுகிறது. துக்கத்துக்கு உரியவர் ஓரத்துக்குப் போய்விடுகிறார். நன்றிக் கடிதத்தில் இந்தச் சிக்கல் இல்லை, ஏனென்றால் அங்கே எழுதுபவரின் உணர்ச்சியே செய்தி. இரங்கலுக்கு நான் பரிந்துரைப்பது இந்த ஆறில் எதையும் அன்று. இறந்தவரைப் பற்றி உங்களுக்கு நினைவிருக்கும் ஒரு சிறு செய்தியை எழுதுங்கள்.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிட வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் காற்சட்டை என்ற சொல்லைப் பெண்கள் முன்னிலையில் உச்சரிப்பது நாகரிகமன்று என்று கருதியவர்கள், இந்தப் பெயரடையைப் பன்மைப் பெயராக்கி அதைக் காற்சட்டைக்கு இடக்கரடக்கலாக வழங்கினார்கள். இனெஃபபிளுக்கும் அதே கதி நேர்ந்தது. இறைவனின் திருப்பெயரைக் குறித்த சொல் துணிக்கொடியில் தொங்கியது. இன்று அந்த வழக்கு ஒழிந்துவிட்டதால் அஞ்ச வேண்டியதில்லை.

## அன்அட்டரபிள்

‘வெளியே’ என்ற பொருளுடைய வேரிலிருந்து பிறந்த வினை இதற்கு அடி. சொல் வாய் வரைக்கும் வந்து வெளியேறாமல் நிற்பதை இது காட்டுகிறது. ரோமர் 8:26இல் ஆவியானவரின் பெருமூச்சுகளைக் கிங் ஜேம்ஸ் விவிலியம் இதே வினையைக் கொண்டு தொடராகச் சொல்கிறது. தமிழில் ‘வாக்குக்கடங்காத பெருமூச்சுகள்’. சோகம், களைப்பு, சலிப்பு ஆகியவற்றோடு நன்றாகப் பொருந்தும். பழைய நாவல்களின் மணம் வீசும் சொல் என்பதால், இன்றைய நடையில் எழுதுபவருக்கு இது தேவைப்படும் சந்தர்ப்பம் அரிது. முழுமையைக் குறிக்கும் ‘அட்டர்’ என்ற பெயரடையும் இதே ஒலியில் இருப்பதால், ‘அட்டர்’ துயரமும் ‘அன்அட்டரபிள்’ துயரமும் ஏறத்தாழ ஒன்றாகிவிடுவது ஆங்கிலத்தின் குறும்புகளில் ஒன்று.

## அன்டோல்ட்

பட்டியலில் இதை எதிர்பார்க்காதவர்கள் இருக்கலாம். ஆனால் ‘சொல்லொணாத் துயரம்’ என்ற தமிழ்ச் செய்தித்தாள் வழக்குக்கு மிக அருகில் நிற்பது இதுதான். இதன் அடியான வினைக்குப் பழைய ஆங்கிலத்தில் சொல்வது என்பதோடு எண்ணுவது என்ற பொருளும் உண்டு. வங்கியில் பணத்தை எண்ணித் தருபவரை ‘டெல்லர்’ என்பது அதன் எச்சம். ஆகவே இது அளவைப் பற்றிய சொல்: எண்ணில் அடங்காத செல்வம், எண்ணில் அடங்காத துன்பம். 1945 ஜூன் 26 அன்று சான் பிரான்சிஸ்கோவில் கையெழுத்தான ஐக்கிய நாடுகள் சாசனத்தின் முகப்புரை, ஒரு வாழ்நாளுக்குள் இருமுறை போர் மனிதகுலத்துக்குக் கொண்டுவந்த துயரத்தை ‘அன்டோல்ட்’ என்றே குறிக்கிறது. உலகப் போரைப் பற்றிய அந்த இடத்தில் அன்ஸ்பீக்கபிள் என்று எழுதியிருந்தால் குற்றத்தின் தன்மை முன்னே வந்திருக்கும். அன்டோல்ட் என்று எழுதியதால் துயரத்தின் பரப்பு முன்னே வருகிறது.

இதற்கு இரண்டாவது பொருளும் உண்டு: இதுவரை எவரும் சொல்லாதது. ‘அன்டோல்ட் கதை’ என்றால் எண்ணற்ற கதை அன்று, வெளிவராத கதை. பெயர்ச்சொல்லைப் பொறுத்து இரண்டு பொருளும் கலங்கக்கூடும் என்பது இதன் மறைவிலை. கலங்குவதே தேவைப்படும் இடமும் உண்டு. இதிலிருந்து வினையடை உருவாக்க முடியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மற்ற ஐந்தையும் வினையடையாக்கி ஒரு பெயரடையின் முன் நிறுத்தலாம். இதை நிறுத்த முடியாது.

## ஒரே பார்வையில்

| சொல் | ஏன் சொல்ல முடியவில்லை | சாய்வு | பொருந்தும் இடம் | மறைவிலை |
|---|---|---|---|---|
| அன்ஸ்பீக்கபிள் | தகாது, நா கூசுகிறது | தீமை | மனிதர் செய்த கொடுமை | நடந்ததை மறைக்கும். மகிழ்ச்சியைக் கெடுக்கும் |
| இனெஃபபிள் | சொல்லித் தீராது | பெரும்பாலும் மேன்மை | இறைமை, இசை, மெல்லிய சோகம் | அன்றாட நடையில் ஆடம்பரம் |
| இன்டிஸ்கிரைபபிள் | படமாகத் தீட்ட முடியாது | இருபுறமும் | மணம், சுவை, காட்சி, வலி | தேய்ந்த வழக்கு |
| இன்எக்ஸ்பிரஸிபிள் | உள்ளிருந்து வெளிவரவில்லை | இருபுறமும் | நன்றி, துக்கம், மகிழ்ச்சி | எழுதுபவரை முன்னிறுத்தும் |
| அன்அட்டரபிள் | வாய்வரை வந்து நிற்கிறது | துயரத்தின் பக்கம் | சோகம், சலிப்பு | பழைய நடை |
| அன்டோல்ட் | எண்ண முடியாது. எவரும் சொல்லவில்லை | பெயரைப் பொறுத்தது | துயரம், செல்வம், சேதம் | இரு பொருள் |

## மீண்டும் அந்தக் கணக்கு நோட்டு

பேத்தியின் கேள்விக்குப் பிறகு இரண்டு இடங்களையும் திருத்த உட்கார்ந்தேன். மகிழ்ச்சிக்கு இன்டிஸ்கிரைபபிள் ஒத்துவரவில்லை. ‘சொல்லொணா மகிழ்ச்சி’ என்று எழுதிய பெரியவர், அதற்குப் பிறகு நான்கு பக்கத்துக்குச் சொல்லிக்கொண்டே போகிறார்: தாய் ஊற்றிக் கொடுத்த நீராகாரம், கிணற்றடியில் துவைகல் இடம் மாறியிருந்தது, பக்கத்து வீட்டார் வந்து நின்ற வரிசை. உண்மையில் அது சொல்லித் தீராத மகிழ்ச்சி. ஜான்கெலெவிட்ச் கணக்கில் இனெஃபபிள்தான் சரி. ஆனால் நீராகாரத்துக்குப் பக்கத்தில் அந்தப் பட்டுவேட்டியைக் கட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. பெயரடையையே விட்டுவிட்டு, ‘என்னால் சொல்லி முடிப்பதைவிட அதிகமான மகிழ்ச்சி’ என்று பொருள்படும் எளிய ஆங்கிலத் தொடரைப் போட்டேன்.

துயரத்துக்கு அன்ஸ்பீக்கபிளை அப்படியே விட்டுவைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். உறுத்தவில்லை என்று பேத்தியே சொல்லியிருந்தாரே. ஆனால் மூலத்தைத் திரும்பப் பார்த்தபோது, அந்த மலைப்பாதையில் எந்த மனிதரும் அவருக்குக் கொடுமை செய்ததாக அவர் எழுதவில்லை. பசி, காலரா, மழை. ‘ஒன்பது பேர் கிளம்பினோம், ஆறு பேர் சிட்டகாங் சேர்ந்தோம்’ என்ற ஒரு வரி. அதற்கு அடுத்த பக்கம் வெற்றுப் பக்கம். அதற்கடுத்த பக்கம் சிட்டகாங்கில் தொடங்குகிறது. அந்த மூவர் யார் என்று அவர் வீட்டில் எவரிடமும் சொன்னதில்லை. அன்டோல்ட் என்று மாற்றினேன். அளவைச் சொல்லும் பொருளோடு, சொல்லாமல் விட்டது என்ற பொருளும் அங்கே சேர்ந்தே நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

திருத்திய படியைப் படித்த பேத்தி இம்முறை மகிழ்ச்சியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அந்த வெற்றுப் பக்கத்தைத் தாம் பார்க்க முடியுமா என்று கேட்டார்.